பதிலுக்குக் காத்திருந்தவள்

உபதேசியார் தனிஸ்லாசுக்குத் தெரியாத ஜெபம் கிடையாது. புது வீட்டுக்கு ஒன்று, பிரசவத்துக்கு ஒன்று, பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு ஒன்று, சாகக் கிடக்கிறவருக்கு ஒன்று. புத்தகம் வேண்டாம், கண்ணாடி வேண்டாம். வாயைத் திறந்தால் போதும், குழாயைத் திருகியது மாதிரி கொட்டும். பிரெஞ்சுக்காரர்கள் இருந்த காலத்திலேயே சாமியாருக்கு உதவியாளாக அந்த வேலையில் சேர்ந்தவர். புதுச்சேரி ஊருக்குள் மில் தொழிலாளிகள் நிறைந்த அந்தக் கத்தோலிக்கப் பங்கில் எத்தனையோ சாமியார்கள் மாற்றலாகி வந்து போனார்கள். தனிஸ்லாஸ் மட்டும் மாறவில்லை. துவைத்து நீலம் போட்ட ஜிப்பாவும் கையில் ஜெபமாலையுமாக அவர் தெருவில் நடந்தால், சைக்கிளில் போகிறவர்கள்கூட இறங்கி ஒரு தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

அவருக்குள் ஒன்றுமே இல்லை என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

காய்ச்சல்காரன் சோறு தின்பது மாதிரி இருந்தது அவருக்கு. மெல்லுகிறோம், விழுங்குகிறோம், ருசி மட்டும் தெரிவதில்லை. பூசையில் மணி அடிக்கும்போது எல்லோரோடும் முழங்கால் போடுவார். மனம் கோயில் கூரையில் ஓடு மாற்ற வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆரம்பத்தில் அவருக்குப் பயமாக இருந்தது. 'ஆண்டவரே, ஏன் பேசமாட்டேன் என்கிறீர்?' என்று கேட்டுப் பார்த்தார். பிறகு கேட்பதை விட்டார். வருஷங்கள் போகப் போக அதுவும் பழகிவிட்டது. சொல்லப்போனால், தொந்தரவு இல்லாமல் இருந்தது.

எந்த நாளில் இருந்து இப்படி என்று கேட்டால் தேதி சொல்லிவிடுவார். எழுபத்தொன்றாம் வருஷம், கோயில் திருவிழாவின் கடைசி நாள்.

அன்று சாயங்காலம் அவர் தேரின் மேல் ஏறி நின்று விளக்குச் சரம் கட்டிக்கொண்டிருந்தார். பாதிச் சரம் எரியவில்லை. கீழே ஆயிரம் பேர் நெருக்கியடித்து நின்றார்கள். அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு பெண் தேர்ச் சக்கரத்தருகே வந்து, "உபதேசியாரே! உபதேசியாரே!" என்று கத்தினாள். நெல்லித்தோப்புப் பக்கம் குடியிருந்த அமலோற்பவம். அவள் புருஷன் பங்கிராஸ் மில்லில் நெசவுப் பகுதியில் இருந்தவன். நெஞ்சில் சளி கட்டி மூன்று மாதமாகப் படுக்கை.

"அவரு சாமியாரைக் கேக்குறாரு. சாவறதுக்கு முன்ன நன்மை அப்பம் வாங்கணுமாம், அவஸ்தை எண்ணெய் பூசணுமாம். சீக்கிரம் வரச் சொல்லுங்க."

"நீ போம்மா, தோ அனுப்புறேன்" என்றார் தனிஸ்லாஸ், கையில் இருந்த ஒயரைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

சாமியார் இருபது அடி தூரத்தில் பாவ அறிக்கை கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்திருந்தார். இறங்கிப் போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான். சரத்தில் பொறி பறந்தது, யாரோ கத்தினார்கள், மேளம் தொடங்கியது, தேர் புறப்பட்டுவிட்டது. மூன்றாவது தெரு முனையில் தேர் திரும்பும்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. நெல்லித்தோப்புக்கு ஓடினார். சந்து முனையிலேயே அழுகைச் சத்தம் கேட்டது.

வாசலில் போய் நின்றவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார். "சாமியார் கெளம்பிட்டாரும்மா. நன்மையை எடுத்துக்கிட்டுப் பாதி வழி வந்துட்டாரு. தேர்க் கூட்டம் மறிச்சிடுச்சு. அதுக்குள்ள..."

அமலோற்பவம் அவரை நிமிர்ந்து பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அந்தச் சாமியார் அடுத்த மாதமே மாற்றலாகிப் போனார். விஷயம் வெளியே வரவே இல்லை. அதற்குப் பிறகு வருஷா வருஷம் திருவிழாக் கடைசி நாளில் அமலோற்பவம் ஒரு மெழுகுவத்தியோடு வருவாள். பீடத்தில் ஏற்றிவிட்டு அவரிடம் வந்து, "நீங்க அன்னிக்கி எங்களுக்காக ஓடுனீங்களே உபதேசியாரே, மறக்கமாட்டேன்" என்பாள். "ஆண்டவர் சித்தம்மா" என்று அவர் சொல்வார். ஒன்பது தடவை சொல்லியாயிற்று.

எண்பதாம் வருஷம் ஆடி மாதத்தில் பங்கைச் சேர்ந்த கிழவர் ஒருவர் கோரிமேட்டுப் பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்தார். செவ்வாயும் வெள்ளியும் பஸ் ஏறிப் போய் அவருக்கு ஜெபம் சொல்லிவிட்டு வருவது தனிஸ்லாசின் வேலை. கிழவருக்குப் பக்கத்துக் கட்டிலில் பாவாடை என்றொருவன் கிடந்தான். திருக்கனூர்ப் பக்கத்துக்காரன், சுண்ணாம்பு அடிக்கிற தொழில். மாடி வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது ஏணி சறுக்கித் தலை குப்புற விழுந்தவன். மூச்சு இருந்தது, நாடி இருந்தது, நினைவு மட்டும் இல்லை. அவன் மனைவி தனக்கொடி கட்டிலோரம் தரையில் உட்கார்ந்திருப்பாள்.

இரண்டாம் வாரம் கிழவருக்கு ஜெபம் முடித்துப் புறப்பட்டவரை அவள் மறித்தாள்.

"ஐயா, நாங்க உங்க வேதம் இல்ல. இருந்தாலும் எங்க ஊட்டுக்காரருக்கும் ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

பஸ் புறப்பட ஐந்து நிமிஷம்தான் இருந்தது. தனிஸ்லாஸ் நின்றபடியே கைநீட்டி, நோயாளிக்கான ஜெபத்தை ஒரே மூச்சில் ஓட்டினார். கடைசி வார்த்தையைச் சொல்லும்போதே ஒரு கால் வாசல் பக்கம் திரும்பிவிட்டது.

"நான் என்னா செய்யட்டும் ஐயா? சும்மாவே குந்திக்கினு இருக்கேன்."

அங்கிருந்து போனால் போதும் என்று வாயில் வந்ததைச் சொன்னார். "பேர் சொல்லிக் கூப்பிடும்மா. கூப்பிட்டுக்கிட்டே இரு. ஆண்டவரும் மனுஷனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுறாரு."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "பேரா? பதினாறு வருசம் ஆவுது கட்டிக்கினு. ஒரு நாள் சொன்னதில்ல ஐயா. ரேசன் கார்டுல எழுதிக் குடுக்கக்கூட எங்க கொழுந்தனார்தான் சொல்லுவாரு."

"உசுரு பெருசா, வழக்கம் பெருசா?" என்று சொல்லிவிட்டு அவர் நடையை எட்டிப் போட்டார். பஸ் கிடைத்தது. அவளை மறந்துபோனார்.

வெள்ளிக்கிழமை வார்டுக்குள் நுழையும்போதே அந்தக் குரல் கேட்டது.

"பாவாடை..."

உரக்கக் கூப்பிடவில்லை. வீட்டுக்குப் பின்னால் வேலையாக இருக்கிறவனைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டாள். கூப்பிட்டுவிட்டு முகத்தை அவன் வாயருகே கொண்டுபோய், காதைச் சாய்த்து, அப்படியே அசையாமல் இருந்தாள். வெகு நேரம் கழித்து நிமிர்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். மறுபடியும், "பாவாடை..."

எதிர்க் கட்டில்காரரின் சொந்தக்காரப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். "செவ்வாக்கெழமலேர்ந்து இப்படித்தாங்க. முதல்ல சொல்லும்போது அழுதுட்டா" என்று கிழவர் உபதேசியாரிடம் கிசுகிசுத்தார்.

தனிஸ்லாசுக்குச் சங்கடமாக இருந்தது. தாம் தப்பித்துப் போவதற்காகச் சொன்ன வார்த்தையை ஒருத்தி இப்படித் தூக்கிப் பிடித்துக்கொள்வாள் என்று அவர் நினைக்கவில்லை. அருகில் போய், "எதுக்கும்மா இவ்வளவு நேரம் குனிஞ்சே இருக்கே? கழுத்து வலிக்காதா?" என்றார்.

"கூப்பிட்டா மட்டும் போதுமா ஐயா? பதில் சொல்ல நேரம் குடுக்க வேணாமா? அவுரு எங்கயோ தொலைவுல இருக்காரு. அங்கேருந்து வரணுமில்ல."

அவர் கிழவரிடம் திரும்பி ஜெபத்தைத் தொடங்கினார். நடுவில் வார்த்தை தடுக்கியது. இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவை. ஒரு ஜெபத்துக்கும் அடுத்த ஜெபத்துக்கும் நடுவே தாம் மூச்சு வாங்குவதற்காக நிறுத்தியதுண்டு. பதிலுக்காக ஒரு நாளும் நிறுத்தியதில்லை என்று அப்போது தோன்றியது. அன்று பஸ்ஸில் வரும்போதும் அது போகவில்லை.

அடுத்த வாரம் கிழவர் குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார். தனிஸ்லாசுக்குக் கோரிமேட்டில் வேலை இல்லை. ஆனாலும் செவ்வாய்க்கிழமை பஸ் ஏறினார். வெள்ளிக்கிழமையும் ஏறினார். ஜெபம் எதுவும் சொல்லாமல் கட்டிலின் கால்மாட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பார். தனக்கொடி கூப்பிடுவாள், காது கொடுப்பாள். அவளோடு சேர்ந்து அவரும் மூச்சை அடக்கிக் காத்திருப்பார். சிரித்த பெண்கள் இப்போது சிரிப்பதில்லை. அவள் குனியும்போது வார்டில் அந்தப் பக்கம் முழுக்கப் பேச்சு நின்றுபோகும். டம்ளரைக்கூட யாரும் சத்தமாக வைக்கமாட்டார்கள்.

விழுந்த இருபத்து நான்காம் நாள், மத்தியானம் மூன்று மணி இருக்கும். ஜன்னல் வழியே வெயில் தரையில் கிடந்தது.

"பாவாடை..."

அவள் குனிந்தாள். தனிஸ்லாஸ் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ம்."

யார் சொன்னது என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. தனக்கொடி நிமிரவில்லை, அலறவில்லை. இன்னும் கீழே குனிந்து, உதடு அவன் காதில் படும்படி, "நான்தான். இங்கதான் இருக்கேன். வா" என்றாள். அவன் இமை துடித்தது. மூடியிருந்த இமைக்குள்ளிருந்து கண்ணீர் வழிந்து காதோரம் இறங்கியது. பிறகு கண் திறந்தது.

நர்ஸ் ஓடி வந்தாள், டாக்டர் வந்தார். கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள், விரலை நகர்த்தச் சொன்னார்கள். "சில பேருக்கு இப்படித் திரும்பும்மா, எதனாலன்னு எங்களுக்கே தெரியாது" என்று அந்த இளம் டாக்டர் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரலும் தாழ்ந்துதான் இருந்தது. தனிஸ்லாஸ் சுவரோடு ஒட்டி நின்றார்.   பிறகு கட்டில்களுக்கு நடுவே அப்படியே முழங்கால் போட்டார்.

எட்டு நாள் கழித்துப் போனபோது பாவாடை தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். பேச்சு மெதுவாக, விட்டு விட்டு வந்தது. தனக்கொடி டம்ளர் கழுவப் போயிருந்தாள். தனிஸ்லாஸ் ஸ்டூலை நெருக்கிப் போட்டுக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"தம்பி, உன் சம்சாரம் கூப்பிட்டது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எப்பலேர்ந்து?"

அவன் யோசித்தான். "ரொம்ப நாளா."

"பின்ன ஏன் பதில் சொல்லல? வாய் வரலையா?"

பாவாடை அவள் போன திசையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "அவகிட்ட சொல்லாதீங்க ஐயா. வாய் வராம இல்ல. அங்க சொகமா இருந்துச்சு. வலி இல்ல, ஒண்ணும் இல்ல. அவ கொரல் வந்தாத்தான் வலிச்சுது. பதில் சொன்னா முழுசா வலிக்கும்னு தெரியும். அதான் சும்மா கெடந்தேன்."

"அப்பறம்?"

"அவ உட்டாத்தானே" என்றான் பாவாடை. உலர்ந்த உதடு லேசாகச் சிரித்தது.

தனிஸ்லாஸ் எழுந்து வெளியே வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் ஊருக்குப் போகிற பஸ் நின்றது, ஆள் ஏற்றியது, போனது. அடுத்ததும் போனது. வேப்பமரத்தடியில் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்த இடத்தில் அவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒன்பது வருஷமாக ஆண்டவர் பேசவில்லை என்று அவர் நினைத்திருந்தார். பேசாமல் இருந்தது யார்? தேர்ச் சக்கரத்தருகே நின்று ஒருத்தி கத்திய "உபதேசியாரே!" என்ற குரல், அன்று தொடங்கி இன்றுவரை ஒரு நாள்கூட நின்றதில்லை. பூசை மணிக்கு அடியில் அது இருந்தது. வருஷா வருஷம் மெழுகுவத்தியோடு நேரிலேயே வந்தது. அவருக்குக் கேட்கத்தான் செய்தது. பதில் சொன்னால் வலிக்கும் என்று பாவாடையைப் போலச் சும்மா கிடந்தார்.

மூன்றாவது பஸ்ஸில் ஏறி நெல்லித்தோப்பில் இறங்கினார்.

அமலோற்பவத்தின் வீடு ஒற்றை அறை. கன்னியர் மடத்துப் பள்ளியில் சமையல் வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் வந்து, ஊறுகாய்க்கு எலுமிச்சங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். உபதேசியாரை வாசலில் பார்த்ததும் அரிவாள்மணையை மடக்கிவிட்டு எழுந்தாள்.

"வாங்க, வாங்க. ஆருகிட்டயாவது சொல்லி உட்டிருந்தா நானே வந்திருப்பேனே. உள்ள வாங்க."

"இல்லம்மா. நான் சொல்ல வந்ததைக் கேட்டப்பறம் உள்ள கூப்பிடுறதா வேணாமான்னு நீயே சொல்லு."

நின்ற இடத்திலேயே சொன்னார். தேர், விளக்குச் சரம், மறதி, ஓட்டம். "சாமியார்கிட்ட நான் சொல்லவே இல்ல. அவரு கெளம்பவே இல்ல. பாதி வழின்னு சொன்னது பொய். அந்த வழியில யாருமே வரலம்மா. உன் புருஷன் கூப்பிட்டாரு, நான் போகல."

அவள் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"ஒம்பது வருசம். ஒம்பது வருசம் உங்களுக்கு மெழுகுவத்தி கொளுத்தி இருக்கேன். அந்த மனுஷன் எப்படிக் கேட்டாரு தெரியுமா? வந்தாச்சா, வந்தாச்சான்னு. தண்ணிகூட வேணாம்னுட்டாரு, நன்மை வாங்கணும்னு."

தனிஸ்லாஸ் தலை குனிந்து நின்றார். வலித்தது. பாவாடை சொன்னது சரிதான், முழுசாக வலித்தது. ஆனால் நகர்ந்து போகவேண்டும் என்று தோன்றவில்லை.

அவள் அழுது தீர்க்கட்டும் என்று காத்திருந்தார். அழுகை பாதியில் நின்றது. அமலோற்பவம் அவரைத் தாண்டி எதையோ பார்த்தாள். அவள் கண் விரிந்தது.

"அப்பிடீன்னா..." என்றாள். "அப்பிடீன்னா யாரு வந்தது?"

"என்னம்மா?"

"நான் யாருகிட்டயும் சொன்னதில்ல உபதேசியாரே. உங்ககிட்டகூட. தேர் வெடி சத்தம் கேட்டுச்சு. அப்ப எழுந்து ஒக்காந்தாரு. பத்து நாளா தலை தூக்க முடியாத மனுஷன், யாரும் பிடிக்காம ஒக்காந்தாரு. வாசலைப் பார்த்தாரு. 'வாங்க சாமி'ன்னாரு. கும்பிட்டாரு. நான் திரும்பிப் பாக்குறேன், யாரும் இல்ல. நெத்தியைக் குனிஞ்சு காட்டுனாரு. அப்பறம் வாயைத் தொறந்து நாக்கை நீட்டுனாரு. நன்மை வாங்குற மாதிரி. வாயை மூடிக்கிட்டாரு. நெஞ்சுல ரெண்டு கையையும் வெச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் இருந்தாரோ... அப்படியே சாஞ்சுட்டாரு. மொகத்தைப் பார்க்கணும் நீங்க. மூணு மாசமா நான் பார்க்காத மொகம்."

அவள் குரல் கிசுகிசுப்பாகிவிட்டது.

"அப்பறம் நீங்க வந்து சாமியார் பாதி வழி வந்துட்டாருன்னீங்க. சரி, பாதி வழியில இருந்த நன்மையை ஆண்டவர் மீதி வழி கொண்டாந்து குடுத்துட்டாருன்னு நெனச்சேன். அதை வெச்சித்தான் இத்தனை வருசம் ஓட்டுனேன். இப்ப நீங்க யாருமே கெளம்பலைன்றீங்க. வழியில யாருமே இல்லைன்றீங்க. அப்ப அவருக்கு நன்மை குடுத்தது யாரு?"

 தனிஸ்லாஸ் தலை நிமிர்ந்தார்.

"எங்கே பார்த்தாரு?" என்று மட்டும் கேட்டார்.

"தோ, நீங்க நிக்குற எடம்தான்."

அவர் நெருப்பை மிதித்தவர் மாதிரி பின்வாங்கிச் சந்தில் இறங்கினார். செருப்பைக் கழற்றினார். அமலோற்பவம் வாசற்படிக்கு உட்புறம் முழங்கால் போட்டாள். வெளிப்புறம் மண்ணில் அவரும் போட்டார். நடுவில் தேய்ந்துபோன ஒரு கருங்கல் படி, அதன் மேல் சாயங்கால வெயில். சந்தில் போன பால்காரர் வண்டியை நிறுத்தி, என்ன ஏது என்று தெரியாமலே தலைப்பாகையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். தனிஸ்லாசுக்கு அத்தனை ஜெபமும் தெரியும். ஒன்றும் வாயில் வரவில்லை. வரவேண்டும் என்றும் இல்லை. அவருடைய பெயரை யாரோ அருகில் இருந்து, அவசரமில்லாமல், பதிலுக்குக் காத்திருக்கிற குரலில் கூப்பிடுவது அவருக்குத் தெரிந்தது.

"இருக்கேன் ஆண்டவரே" என்றார்.

எழுந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. "என்னை மன்னிச்சிட்டேன்னு சொல்லுவியாம்மா?" என்று கேட்டார்.

"இன்னிக்கி வாய் வரல உபதேசியாரே. வர்றப்ப வந்து சொல்றேன். பொய் சொல்ல மாட்டேன்."

மறுநாள் காலைப் பூசைக்குப் பிறகு பங்குச் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லி, வேலையை விட்டுப் போய்விடுவதாகச் சொன்னார். சாமியார் வயதில் இளையவர்.  "ஞாயித்துக்கெழம நம்ம ஜனங்ககிட்ட இதை நீங்களே சொல்லணும். அதுக்கப்பறம் அவங்க போகச் சொன்னா போங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை தனிஸ்லாஸ் பீடத்தின் முன் நின்று சொன்னார். சிலர் எழுந்து வெளியே போனார்கள். அதில் இரண்டு பேர் பிறகு அவரோடு பேசவே இல்லை. போகச் சொல்லி மட்டும் யாரும் சொல்லவில்லை.

அவருடைய ஜெபம் அதற்குப் பிறகு முன்பு மாதிரி இல்லை. தடுக்கும், நிற்கும், சில நாள் பாதியிலேயே நின்று அவர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். சாவு வீட்டில் நேரமாகிறதே என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. அவர் அவசரப்படவில்லை.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றாம் நாள், கோயில் குடிலில் சரிந்த வைக்கோலைக் கட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் அமலோற்பவம் வந்து நின்றாள். கையில் மெழுகுவத்தி எதுவும் இல்லை.

"வாய் வந்துடுச்சு உபதேசியாரே" என்றாள்.